எந்த ஆண்டின் லிங்கன் நெடுஞ்சாலை?

கூகுள் மேப்ஸில் 'லிங்கன் ஹைவே' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். நியூ ஜெர்சியில் ஒரு தெரு வரும். பென்சில்வேனியாவில் வரிசையாகப் பல ஊர்களின் மெயின் ரோடு வரும். இல்லினாயில் ஒரு கடைத்தெரு வரும். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் தொடங்கி சான் பிரான்சிஸ்கோவின் லிங்கன் பூங்காவில் முடியும் ஒற்றைக் கோடு மட்டும் வராது.

கூகுளைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படி ஒரு நிலையான கோடு என்றைக்குமே இருந்ததில்லை. இண்டியானாபொலிஸ் கார் பந்தயத் திடலை நிறுவியவர்களில் ஒருவரான கார்ல் ஃபிஷர், கடலிலிருந்து கடல் வரை ஒரு சாலை வேண்டும் என்று 1912-இல் கிளம்பினார். அரசுப் பணம் கிடையாது. கார், டயர், சிமென்ட் கம்பெனிகளிடமும் பொதுமக்களிடமும் வசூலித்துப் போடுவதாகத் திட்டம். ஹென்றி ஃபோர்டு காசு தர மறுத்துவிட்டார். பேக்கார்டு கார் கம்பெனித் தலைவர் ஹென்றி ஜாய் வந்து சேர்ந்த பிறகு லிங்கனின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1913 ஜூலை 1-இல் டெட்ராய்ட்டில் லிங்கன் ஹைவே அசோசியேஷன் உருவானது. அக்டோபர் 31-இல் சாலை ஊரறிய அர்ப்பணிக்கப்பட்டது. நீளம் 3,389 மைல்.

ஆனால் சங்கம் சாலை போட்டது மிகக் குறைவு. ஏற்கெனவே இருந்த மண் சாலைகளையும் வண்டித் தடங்களையும் ஒன்றோடொன்று கோத்துப் பெயர் வைத்தது, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு கவுன்ட்டி நிர்வாகம் குறுக்குவழியில் நல்ல சாலை போட்டால் லிங்கன் நெடுஞ்சாலை அங்கே இடம் மாறிவிடும். 1924 வாக்கில் நீளம் சுமார் 3,140 மைலாகச் சுருங்கியிருந்தது. இண்டியானாவில் 1913-இன் சாலை ஃபோர்ட் வேனிலிருந்து வடமேற்கே ஏறி கோஷென், எல்கார்ட், சவுத் பெண்ட் என்று சுற்றிக்கொண்டு போனது. 1928-இன் சாலை வார்சா, பிளிமத் வழியாக நேரே மேற்கே பாய்ந்தது. கலிபோர்னியாவில் முதலில் சாக்ரமென்டோ, ஸ்டாக்டன், லிவர்மோர், ஓக்லாந்து என்று வந்து படகேற வேண்டும். 1927-இல் கார்கினெஸ் நீரிணைக்குப் பாலம் வந்ததும் டேவிஸ், வயேஹோ, பெர்க்லி வழியாகச் சாலை திரும்பிவிட்டது. 1913 முதல் 1915 வரை டென்வருக்கு ஒரு கிளைகூட இருந்தது. பிறகு அதை நீக்கிவிட்டார்கள்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும், எந்தப் பழைய புத்தகத்தைப் புரட்டினாலும், முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எந்த ஆண்டின் சாலையைக் காட்டுகிறது? அதைக் கேட்காமல் பத்துத் தளங்களிலிருந்து தகவல் திரட்டினால், 1915-இன் ஹோட்டலை 1928-இன் சாலையில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

சங்கத்தின் வரைபடம்

பழைய சங்கம் 1927 முடிவோடு வேலையை நிறுத்திக்கொண்டது. 1992-இல் ஆர்வலர்கள் அதே பெயரில் புதிய சங்கம் தொடங்கினார்கள். தலைமையகம் இல்லினாய் மாநிலத்தின் ஃபிராங்க்ளின் குரோவ் என்ற சிற்றூரில் இருக்கிறது. இவர்களுடைய தளத்தில் இருக்கும் ஊடாடும் வரைபடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். சாலையின் வெவ்வேறு காலத்துப் பாதைகளை வெவ்வேறு நிறத்தில் போட்டிருக்கிறார்கள். வழிக்குறித் தூண்கள், பாலங்கள், நினைவுச் சின்னங்கள் தனித்தனிக் குறிகளாக வரும். சாலை வரைபடமாகவும் செயற்கைக்கோள் படமாகவும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

வரைபடம் திறந்ததும் கண்டத்தையே ஒரே பார்வையில் பார்க்கும் ஆசை வரும். அதில் ஒன்றும் கிடைக்காது. ஒரு கவுன்ட்டி அளவுக்கு நெருங்கிப் போங்கள். ஒரு நிறத்துக் கோடு மட்டும் ஓடும் இடங்களில் இன்றைய சாலைக்கு அடியில்தான் பழைய சாலை புதைந்திருக்கிறது. அங்கே காரை ஓட்டிக் கடப்பதே போதும். இரண்டு மூன்று நிறங்கள் பிரிந்து சேரும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கிப் பார்க்க வேண்டியது அங்கேதான் கிடைக்கும். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. 1926-இல் அமெரிக்கச் சாலைகளுக்கு எண்கள் கொடுக்கப்பட்டபோது லிங்கன் நெடுஞ்சாலை யு.எஸ். 1, 30, 40, 50 என்று துண்டானது. பெரும்பங்கு 30-க்குப் போனதால் 'யு.எஸ். 30-தான் லிங்கன் நெடுஞ்சாலை' என்று பல பயணக் குறிப்புகள் எழுதிவிடுகின்றன. அப்படி நம்பி ஓட்டாதீர்கள். இல்லினாயில் ஆரோராவுக்கு அப்பால் யு.எஸ். 30 ஒரு பக்கம் போகும். லிங்கன் நெடுஞ்சாலை ஃபாக்ஸ் ஆற்றை ஒட்டி ஜெனீவாவுக்கு ஏறி, அங்கிருந்து மாநிலச் சாலை 38-ஆக டிகால்ப், மால்டா, ரோஷெல் வழியே மேற்கே போகும். எண்ணைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் மால்டாவைத் தவறவிட்டிருப்பார்கள். 1914-இல் சங்கத்தின் முதல் 'சீட்லிங் மைல்' அங்கேதான் போடப்பட்டது. சுற்றிலும் சேறாக இருக்கும் நாட்டுப்புறத்தில் ஒரே ஒரு மைலுக்கு கான்கிரீட் போடுவது, அதில் ஓட்டிப் பார்த்த ஊர்க்காரர்கள் மிச்சத்தையும் கேட்டு நச்சரிக்கட்டும் என்று விட்டுவிடுவது. நன்கொடை வசூலிக்கும் சங்கங்கள் இன்றும் கற்றுக்கொள்ளக் கூடிய தந்திரம்.

பழைய வழிகாட்டி நூல்கள்

சங்கம் 1915, 1916, 1918, 1921, 1924 ஆகிய ஐந்து ஆண்டுகளில் தன் அதிகாரபூர்வ சாலை வழிகாட்டியை வெளியிட்டது. அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டுகள் கடந்த நூல்களுக்குக் காப்புரிமை கிடையாது. எனவே இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திடிரஸ்ட் போன்ற தளங்களில் இவ்வகை நூல்களை முழுதாகப் படிக்கலாம். பதிப்பு ஆண்டைச் சரிபார்த்துவிட்டுத் தரவிறக்குங்கள். 1916 பதிப்பை ஒரு கையிலும் 1924 பதிப்பை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஒரே மாநிலத்தின் பக்கங்களை ஒப்பிட்டால் சாலை எங்கே நகர்ந்தது என்பது ஊர்ப் பெயர்ப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

ஊர், மக்கள்தொகை, பெட்ரோல் கிடைக்குமா, எந்த ஹோட்டல், சாலை மண்ணா சரளையா கான்கிரீட்டா, நியூயார்க்கிலிருந்து இத்தனை மைல், சான் பிரான்சிஸ்கோவுக்கு இத்தனை மைல் என்று வறண்ட பட்டியலாகத்தான் ஓடும். மேற்கே போகப் போகத் தொனி மாறுவதைக் கவனியுங்கள். யூட்டா பாலைவனத்தில் ஃபிஷ் ஸ்பிரிங்ஸ் பக்கம் கார் சிக்கிக்கொண்டால் காட்டுச் செடியைக் கொளுத்திப் புகை எழுப்பச் சொல்கிறது வழிகாட்டி. தூரத்தில் இருக்கும் பண்ணைக்காரர் புகையைப் பார்த்துக் குதிரைகளோடு வந்து இழுத்துப் போடுவார். இந்த வரிகளைப் படித்த பிறகு அந்த இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். சுற்று வட்டாரத்தில் இன்றும் கட்டடம் அபூர்வம் என்பது விளங்கும்.

'ஆட்டோமொபைல் ப்ளூ புக்' என்ற தொடர் வேறு வகை. சங்கத்தோடு சம்பந்தமில்லாதது. காரின் மைல்மானியைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டு, இத்தனை மைலில் வெள்ளைத் தேவாலயம், இடப்பக்கம் திரும்பு, இத்தனை மைலில் ரயில் பாதையைக் கடந்து செல் என்று திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லும். இன்றைய ஜிபிஎஸ் குரலின் கொள்ளுப்பாட்டி. ஒரு நகரத்துக்குள் பழைய சாலை எந்தத் தெருவில் நுழைந்து எந்த முனையில் வெளியேறியது என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட நம்பகமான ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித் தொகுதி, ஆண்டுக்கு ஆண்டு புதுப் பதிப்பு என்பதால் தேடும்போது மாநிலத்தையும் ஆண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

பயண நூல்களில் எஃபி கிளாடிங் 1915-இல் வெளியிட்டது மேற்கிலிருந்து கிழக்கே வருவதால் வரைபடத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கும். எமிலி போஸ்ட் 1916-இல் எழுதிய நூல் படிக்கச் சுவையானது. ஆனால் அவர் பாதி வழியில் கொலராடோ, நியூ மெக்சிகோ பக்கம் திரும்பிவிடுகிறார். யூட்டாவுக்கும் நெவாடாவுக்கும் அவரைத் துணைக்குக் கூப்பிட முடியாது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் படங்கள்

பழைய சங்கத்தின் காகிதங்களும் படங்களும் மிச்சிகன் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து சுமார் 3,000 படங்கள் இணையத்தில் இருக்கின்றன. மாநிலம், ஊர், பொருள் என்று தேடலாம். எனக்கு ஒரே ஒரு தளத்தைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனை போட்டால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இவற்றில் பல, ஊர் ஊராக ஆய்வுக்குப் போன சங்க ஊழியர்கள் எடுத்தவை. அழகுக்காக எடுத்த படங்கள் குறைவு. அச்சு வரை சேற்றில் புதைந்த பேக்கார்டு கார், அறிவிப்புப் பலகையை நட்டுவிட்டு அருகில் நிற்கும் ஆட்கள், பாதி கட்டிய பாலம், கூடாரம், சாலையோரம் கொட்டிக் கிடக்கும் சரளைக் குவியல் என்று சலிப்பூட்டும் அளவுக்கு விவரமான படங்கள். சலிப்பூட்டுவதுதான் நமக்கு வேண்டும். கம்பெனி விளம்பரத்துக்கு எடுத்த படத்தில் மலையும் வானமும் இருக்கும். ஆய்வுக்கு எடுத்த படத்தில் தந்திக் கம்பம், ரயில் பாதை, தானியக் கிடங்கு, சாலையின் வளைவு எல்லாம் இருக்கும். இடத்தை அடையாளம் காண இவை போதும்.

எப்படி என்று சொல்கிறேன். படத்தின் குறிப்பில் ஊர்ப் பெயர் இருக்கும். ஆனால் ஊருக்குக் கிழக்கே எத்தனை மைல் என்பது இருக்காது. முதலில் தொடுவானத்தைப் பாருங்கள். மேற்கு மாநிலங்களில் மலையின் விளிம்புக் கோடு நூறாண்டில் மாறியிருக்காது. கூகுள் எர்த்தில் சாலைக் கோட்டின் மேல் கீழே இறங்கி நின்று, பார்வையைக் கிடைமட்டமாக்கி, மலை விளிம்பு படத்தோடு பொருந்தும் வரை கோட்டின் மேலேயே முன்னும் பின்னும் நகருங்கள். சமவெளி மாநிலங்களில் மலை கிடையாது. அங்கே ரயில் பாதையும் ஓடைப் பாலமும்தான் கை கொடுக்கும். நிழல் விழும் திசையைப் பார்த்தால் படம் கிழக்கே பார்த்து எடுத்ததா மேற்கே பார்த்து எடுத்ததா என்று ஊகிக்கலாம்.

இப்படங்களில் அடிக்கடி தென்படும் பெயர் ஹென்றி ஆஸ்டர்மன். சங்கத்தின் களச் செயலாளர். இந்தச் சாலையை அவரளவுக்கு ஓட்டித் தெரிந்தவர் அப்போது யாரும் இல்லை. 1920-இல் ஐயோவாவின் டாமா ஊருக்கு அருகே, இதே சாலையில், கார் விபத்தில் இறந்துபோனார். டாமாவில் 1915-இல் கட்டிய சிறு பாலம் இன்றும் இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவரையே சாலையின் பெயருக்கான எழுத்துகளாக கான்கிரீட்டில் வார்த்திருக்கிறார்கள். வழித்தடம் முழுவதிலும் அதிகம் படமெடுக்கப்பட்ட பாலங்களில் ஒன்று; அதன் படங்களை நீங்கள் தேடவே வேண்டாம், அதுவே வந்து நிற்கும்.

1919-இன் ராணுவ அணி

முதல் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்க ராணுவம் 81 வண்டிகளை வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஓட்டிப் பார்த்தது. 1919 ஜூலை 7-இல் கிளம்பிய அணி செப்டம்பர் 6-இல் போய்ச் சேர்ந்தது. 62 நாள், 3,251 மைல். கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் நெடுஞ்சாலையைப் பிடித்தார்கள். வழிகாட்டியாக முன்னே போனவர் மேலே சொன்ன ஆஸ்டர்மன். பார்வையாளராகச் சேர்ந்துகொண்ட இளம் அதிகாரி ஒருவர் பின்னாளில் ஜனாதிபதியாகி, 1956-இல் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். டுவைட் ஐசனோவர்தான் அவர்.

அதனால்தான் இந்தப் பயணத்தின் ஆவணங்கள் கான்சஸில் உள்ள ஐசனோவர் ஜனாதிபதி நூலகத்தின் தளத்தில் இருக்கின்றன. ஐசனோவர் நவம்பரில் எழுதிக் கொடுத்த அறிக்கை சில பக்கங்கள்தான். அதைவிடப் பயனுள்ளது அணியின் தினசரிக் குறிப்பு. எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எத்தனை மைல் ஓடினார்கள், எந்தப் பாலம் உடைந்தது, எந்த வண்டி பள்ளத்தில் இறங்கியது, வானிலை என்ன, இரவு எங்கே தங்கினார்கள் என்று நாள்வாரியாக இருக்கும். நீங்கள் போகும் மாநிலத்தின் நாட்களை மட்டும் அச்செடுத்து காரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலை முழுக்க அவர்கள் திணறிய தூரம் உங்களுக்கு எத்தனை நிமிடம் என்று பார்ப்பது குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

பின்னணிக் கதை வேண்டுவோர் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் தளத்தில் ரிச்சர்ட் வைன்கிராஃப் எழுதிய நீண்ட கட்டுரைகளைப் படிக்கலாம். அரசுத் தளம் என்று தயங்க வேண்டாம், நல்ல எழுத்து. தேசியப் பூங்காத் துறை 2004-இல் தயாரித்த ஆய்வறிக்கையில் எஞ்சியிருக்கும் துண்டுகளும் கட்டடங்களும் மாநிலவாரியாக வரும். ஆனால் அதற்குப் பிறகு எவ்வளவோ இடிந்திருக்கலாம் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கைவிடப்பட்ட துண்டைக் கண்டுபிடிப்பது

நிறங்கள் பிரியும் இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா, இப்போது அதற்கு வருவோம். பழைய சாலை எங்கே பிழைத்திருக்கும்? போக்குவரத்து அதை விட்டு விலகிய இடத்தில். பயன்பாட்டில் இருக்கும் சாலையின் மேல் பத்தாண்டுக்கு ஒருமுறை தார் ஏறும், அகலம் கூடும், பாலம் மாறும். விலகிய துண்டை யாரும் தொடுவதில்லை. நெப்ராஸ்காவில் ஒமஹாவுக்கு மேற்கே எல்க்ஹார்ன் பக்கம் 1920-இல் செங்கல் பாவிய சுமார் மூன்று மைல் இன்றும் செங்கலாகவே கிடப்பதற்குக் காரணம், பிரதான சாலை வேறு வழியில் போய்விட்டது என்பதுதான்.

ஐயோவா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் நிலத்தை ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரங்களாக அளந்து விற்றார்கள். சாலைகள் வயலை வெட்டிப் போகாமல் சதுரத்தின் விளிம்பிலேயே ஓடின. வடமேற்கே போக வேண்டுமானால் ஒரு மைல் மேற்கு, செங்குத்தாகத் திரும்பி ஒரு மைல் வடக்கு, மறுபடி மேற்கு. வழியில் ரயில் பாதையை இரண்டு மூன்று முறை கடக்க வேண்டியிருக்கும். கார்கள் வேகமெடுத்ததும் இந்த மூலைகளிலும் ரயில் கடவைகளிலும் விபத்து பெருகியது. எனவே மூலைகளை வளைவாக வெட்டினார்கள்; ரயில் பாதையைக் கடக்காமல் ஒரே பக்கமாகச் சாலையை நகர்த்தினார்கள். வெட்டுப்பட்ட மூலைதான் உங்கள் புதையல். இன்று அது பண்ணை வீட்டுக்குப் போகும் சரளைப் பாதையாகவோ, புல் மூடிய மேடாகவோ, இரண்டு மரவரிசைகளுக்கு நடுவே வெற்றிடமாகவோ இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் 'டோப்போவியூ' தளத்துக்குப் போங்கள். 1880-கள் முதல் அச்சான நிலப்பரப்பு வரைபடங்கள் அங்கே இலவசம். உங்கள் இடத்தைச் சொடுக்கினால் கிடைக்கும் எல்லாப் பதிப்புகளும் ஆண்டு வரிசையில் வரும். 1910-களின் ஒன்றையும் 1940-களின் ஒன்றையும் எடுங்கள்; எல்லா இடத்துக்கும் இரண்டும் கிடைக்காது, கிடைத்ததில் பழையதை எடுங்கள். கேஎம்இசட் வடிவத்தில் இறக்கினால் கூகுள் எர்த்தில் நேராக உட்கார்ந்துகொள்ளும். வரைபடத்தின் ஒளிபுகும் அளவைக் கூட்டிக் குறைத்தால் பழைய கோட்டுக்கு அடியில் இன்றைய வயல் தெரியும். ஒரு விஷயம்: வரைபடத்தில் அச்சான ஆண்டும் நிலத்தை அளந்த ஆண்டும் ஒன்றல்ல. ஓரத்தில் பொடி எழுத்தில் இரண்டும் இருக்கும். அளந்த ஆண்டுதான் நமக்கு முக்கியம்.

அடுத்த சாட்சி விமானப் படம். வேளாண்மைத் துறைக்காக 1930-களின் பிற்பகுதியில் வயல்களை வானிலிருந்து படமெடுத்தார்கள். அதில் சாலைகளும் விழுந்தன. பென்சில்வேனியாவுக்கு 'பென் பைலட்' என்ற தளத்தில் 1937 முதல் 1942 வரையிலான படங்கள். இல்லினாய்க்கு மாநில நிலவியல் துறையின் தொகுப்பு, 1937 முதல் 1947 வரை. ஐயோவாவுக்கு மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் வரைபடத் தளத்தில் 1930-களின் படங்களை இன்றைய படத்தின் மேல் வைத்தே பார்க்கலாம். உழுத வயலுக்குள் வெளுத்த கோடாகப் பழைய சாலை ஓடுவது இவற்றில் அப்பட்டமாகத் தெரியும், தரையில் நின்று பார்த்தால் தெரியாது.

கோடு கிடைத்துவிட்டதா? கூகுள் மை மேப்ஸில் ஆண்டுக்கு ஓர் அடுக்காக வரைந்து வையுங்கள். தெருப் பெயரைக் கொண்டு தேட ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் 'ஓவர்பாஸ் டர்போ' கருவி உதவும். 'லிங்கன் ஹைவே', 'ஓல்டு லிங்கன் ஹைவே', 'லிங்கன்வே' என்ற மூன்று பெயர்களையும் ஒரு கவுன்ட்டிக்குள் தேடச் சொன்னால் எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரத்தில் காட்டும். ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்துக் கைபேசியில் ஏற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் கணினிப் பழக்கம் வேண்டும். வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால் வேலை சுலபம்.

ஊருக்குள்

ஊருக்குள் மேலே சொன்ன வரைபடங்களைவிடக் காப்பீட்டுக் கம்பெனிகளுக்காகத் தயாரித்த சான்பார்ன் வரைபடங்கள் மேல். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் உள்ளன. கட்டடம் கட்டடமாக இருக்கும்: இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம். பழைய கராஜ்களில் எத்தனை கார் நிற்கும் என்றுகூட எழுதியிருப்பார்கள். அதே நூலகத்தின் 'க்ரானிக்ளிங் அமெரிக்கா'வில் பழைய செய்தித்தாள்களைத் தேடலாம். யூட்டாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் தனிச் செய்தித்தாள் தளங்கள் இருக்கின்றன. சாலைப் பெயரை மட்டும் கொடுத்துத் தேடினால் ஆயிரக்கணக்கில் கொட்டும். ஊர்ப் பெயரோடு கராஜ் அல்லது ஹோட்டலின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

வழிக்குறித் தூண்களை நம்ப வேண்டாம். 1928 செப்டம்பர் 1 அன்று சாரணச் சிறுவர்கள் சுமார் 3,000 கான்கிரீட் தூண்களை வழிநெடுக நட்டார்கள். நீலத்தில் எல் எழுத்து, லிங்கன் தலை பொறித்த வெண்கல வில்லை, திரும்ப வேண்டிய திசையில் அம்புக்குறி. அழகான பொருள் என்பதாலேயே பெரும்பாலானவை இடம் மாறிவிட்டன. நூலக வாசலிலும் பூங்காவிலும் தனியார் வீட்டுத் தோட்டத்திலும் நிற்கின்றன. ஒரு தூண் நிற்கும் இடத்தில் சாலை போயிருக்க வேண்டும் என்பதில்லை.

இன்னொரு சிக்கல், இடிந்துபோனவை இணையத்தில் இடிவதில்லை. பென்சில்வேனியாவின் பெட்ஃபர்டுக்கு மேற்கே மலைச்சரிவில் கப்பல் வடிவத்தில் நின்ற ஹோட்டல் படங்களில் இன்றும் கம்பீரமாக மிதக்கிறது. அது 2001 அக்டோபரில் எரிந்துபோயிற்று. அதே பெட்ஃபர்டில் 1927-இல் கட்டிய காபிக் கெண்டி வடிவக் கட்டடம் இருக்கிறது, ஆனால் பழைய இடத்திலிருந்து பெயர்த்து நகர்த்தியது. எதையும் பார்க்கக் கிளம்புவதற்கு முன் ஸ்ட்ரீட் வியூவில் படம் எடுத்த மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். கணினியில் திறந்தால் அதே இடத்தின் முந்தைய ஆண்டுப் படங்களும் கிடைக்கும்.

இந்தச் சாலையை ஆராய்வதற்குக் கண்டத்தைக் கடக்க வேண்டியதில்லை. எடிசனில் ஓக் ட்ரீ ரோடுக்கு மளிகை வாங்கப் போகும் தமிழர்களுக்கு, அருகே ஓடும் 27-ஆம் எண் சாலையின் பலகையிலேயே லிங்கன் நெடுஞ்சாலை என்று எழுதியிருப்பது தெரியும். நியூவர்க்கிலிருந்து பிரின்ஸ்டன் வரை அதிலேயே போகலாம். ஆரோரா பாலாஜி கோயிலுக்கு வருகிறவர்கள் மால்டாவரை ஒரு மதியத்தில் போய்த் திரும்பிவிடலாம். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்கு வந்தால், அதே ஊரில் 1915-இல் இந்தச் சாலைக்காரர்களை நம்பிக் கட்டிய டுவார்ட்டே கராஜ் அருங்காட்சியகமாக நிற்கிறது. திறந்திருக்கும் நாளை உள்ளூர் வரலாற்றுக் கழகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். மேலே சொன்ன கருவிகளை முதலில் இப்படி வீட்டுப் பக்கத்து இருபது மைலில் பழகிக்கொள்வது நல்லது.

யூட்டாவுக்குப் போகும் முன்

கோடு இருக்கும் இடத்தை இணையம் சொல்லும். உள்ளே போகலாமா என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. யூட்டாவில் இது விளையாட்டல்ல. சங்கம் சால்ட் லேக் நகரத்தின் தென்மேற்கே பாலைவனத்தைக் குறுக்கே வெட்டிப் போக விரும்பியது. குட்இயர் டயர் கம்பெனி 75,000 டாலர் கொடுத்தது. 1918-இல் வேலை தொடங்கியது. யூட்டா அரசுக்கோ வெண்டோவர் வழியாகச் சாலை போவதில்தான் லாபம். வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டது. 1927-இல் சங்கமும் பணிந்து வெண்டோவர் பாதையை ஏற்றுக்கொண்டது. கைவிடப்பட்ட குட்இயர் குறுக்குவழியின் ஒரு பகுதி 1942-இல் அமைந்த டக்வே ராணுவச் சோதனைத் தளத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. உள்ளே ஒரு பழைய மரப்பாலம்கூட இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் தெளிவாகத் தெரியும் அந்தப் பாதையில் முன் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. ஜிபிஎஸ் கோட்டை அப்படியே பின்தொடர்ந்தால் ராணுவ வேலியில்தான் முட்டிக்கொள்வீர்கள்.

சட்டப்படி போகக்கூடிய மாற்று, பழைய போனி எக்ஸ்பிரஸ் தடம். ஃபேர்ஃபீல்டிலிருந்து ஃபிஷ் ஸ்பிரிங்ஸ், காலாவ் வழியாக நெவாடா எல்லைப்பக்கம் ஐபாபா வரை சுமார் 133 மைல். மேற்கு முனையில் லிங்கன் நெடுஞ்சாலையும் இதுவும் ஒன்றாகிவிடுகின்றன. மத்திய நில நிர்வாகத் துறையின் தளத்தில் இதற்கான வழிகாட்டி இருக்கிறது. பெரும்பாலும் சரளை, வழியில் பெட்ரோலை எதிர்பார்க்காதீர்கள், மழை பெய்தால் களிமண் டயரைப் பிடித்துக்கொள்ளும்.

கைபேசி சமிக்ஞை இந்தத் தூரத்தில் பெரும்பாலும் கிடைக்காது. எனவே இணையத்தில் சேர்த்ததையெல்லாம் சால்ட் லேக் விடுதியின் வைஃபை இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்: கூகுள் மேப்ஸின் ஆஃப்லைன் பகுதி, ஜிபிஎக்ஸ் கோடு, 1916 வழிகாட்டியின் யூட்டா, நெவாடா பக்கங்கள், மிச்சிகன் படங்களில் நீங்கள் தேர்ந்தெடுத்தவை. கோப்புகளின் பெயரில் ஆண்டை முன்னால் போடுங்கள். பிறகு விமானப் பயன்முறைக்கு மாற்றி ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். திறக்காதது எதுவோ அதை அன்றிரவே காகிதத்தில் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.